எண்ணெய் குடித்த தராசு

ஈப்போவுக்கு அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் மருந்து நிறுத்துக் கொடுத்துவந்தவர் பெரியநாயகம். அவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவருடைய குட்டித் தராசை விட்டுவிட்டார்கள். அதற்கு மண் சுமக்கத் தெரியாது.

இப்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம்தான் மலேரியாவுக்கான கொய்னாத் தூளை நிறுத்தார். காய்ச்சல்காரர் வரிசையின் கடைசியில் பெரியநாயகத்தின் மகள் பியாட்ரிஸ் நின்றாள். வீட்டில் தம்பி மத்தியாஸ் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

"போன வாரம் குடுத்தது மருந்தா, மாவா?" என்று அவளுக்கு முன்னால் நின்ற ராக்காயி அக்கா கத்தினாள். "எம் புருஷனுக்குக் காய்ச்சல் நிக்கலையே!"

பியாட்ரிஸ் எட்டிப் பார்த்தாள். நல்ல தராசின் முள் ஆடி ஆடித்தான் நிற்கும். இதுவோ கொஞ்சம் தூள் விழுந்ததுமே நடுவில் சமாதானமாக நின்றது.

"கிராணி ஐயா, கத்திக்கு எண்ணெய் போட்டீங்களா?"

கத்தி என்பது தராசுத் தண்டைத் தாங்கும் கூர்மையான விளிம்பு.

"போட்டேன்லா. நல்ல செம்பனை எண்ணெய். தையல் மெஷினுக்குப் போடுறோமே!"

"அப்பா திருகுக்கு மட்டும்தான் ஒரு பொட்டு வைப்பாரு. கத்தி காஞ்சிருக்கணும். எண்ணெயில தூசி ஒட்டி முள்ளப் புடிச்சுக்கிட்டிருக்கு. பொட்டலமெல்லாம் பாதிதான்."

கிராணி குரலைத் தாழ்த்தினார். "சும்மா இரு, பிள்ளை. போத்தல்ல கொஞ்சம்தான் இருக்கு. தராசு சரியானா பொட்டலம் பெருசாகும். கடைசியில நிக்கிறது நீ."

அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் போன வாரப் பாதி மருந்து மத்தியாஸையும் எழுப்பவில்லையே.

துணியைத் துளி ஸ்பிரிட்டில் நனைத்துக் கத்தியைத் துடைத்தாள். துணி கறுத்தது. முள் ஆடியது.

பொட்டலங்கள் பருத்தன; போத்தல் இளைத்தது. ராக்காயிக்குக் கொடுத்த பிறகு அடியில் ஒட்டியதுதான் மிச்சம். கிராணி அதைத் தட்டில் தட்டினார். முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

வாசல்வரை போன ராக்காயி திரும்பி வந்தாள். தன் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொஞ்சம் உதறினாள்.

"இவ்வளவுதான் முடியும், புள்ள. அங்க ஒருத்தரு படுத்திருக்காரு."

முள் ஏறியது. நடுவுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

"கத்தியில ஒரு சொட்டு விடட்டுமா?" என்றார் கிராணி. "நடுவுக்கு வந்துரும்."

"ஒங்க நாக்குல விடுங்க!" என்றாள் ராக்காயி.

பியாட்ரிஸ் தூளைச் சிந்தாமல் மடித்துக்கொண்டாள். போகும்போது செம்பனை எண்ணெய் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்குக்கு ஆகும்.