தொப்பிக்குள் வாப்பா

ஜுனைட் திருந்திவிட்டான் என்று கல்முனைக்குடியில் அவன் தெருவே நம்பியது.

பின்னேரம் விளையாடப் போகமாட்டான். வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டு மூலையில் சம்மணம் கட்டி, கண்ணை மூடி இருப்பான்.

"பாருங்க, மௌலவியாத்தான் வருவான்," என்றார் பக்கத்து வீட்டு சபியா உம்மா. அவனுடைய உம்மா ஹாஜறாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

அவனுக்கு மூத்தவள், ராத்தா முஸ்பிறாவுக்கு மட்டும் சந்தேகம். குர்ஆன் ஓதப் போகச் சொன்னாலே வயிற்றுவலி வருகிறவன் அல்லவா இவன்!

"டேய், என்னடா ஓதுறாய்?"

ஜுனைட் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "ஓதல்ல ராத்தா. வாப்பாவப் பாக்கப் போறன். கதை குடுக்காத."

எல்லாம் உம்மாவின் அண்ணன் முகைதீன்பாவா மாமாவால் வந்த வினை. அவர் சவூதியிலிருந்து டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்திருந்தார். போன கிழமை ஒரு இங்கிலிஷ் படம் போட்டார். வீடு நிறையச் சனம். படத்தில் பேசுவதை மாமாதான் தமிழில் உரக்கச் சொன்னார்.

படத்தில் இரும்பினால் செய்த ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே வேறொரு உலகம் வருகிறது. அங்கே செத்துப்போனவர்களும் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். எது மெய், எது பொய் என்று யாருக்கும் விளங்கவில்லை. தலையில் மாட்டுவதற்குச் சரியான சொல் மாமாவுக்கு வரவில்லை. "தொப்பியப் போட்டான், அந்த உலகத்துக்குப் போயிட்டான்!" என்று சொல்லிவிட்டார்.

ஜுனைட்டுக்குத் தெரிந்த தொப்பி ஒன்றுதான். அது அவனிடமே இருந்தது.

முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வந்தது. "அடேய், அது இந்தத் தொப்பி இல்லடா!"

"நீ போட்டுப் பாத்தியா? எனக்கு வாப்பா வாறார்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

சண்டைக் காலத்தில், ஜுனைட் கைக்குழந்தையாக இருந்தபோது, வயலில் நெல் வேளாண்மை வெட்டப் போன வாப்பா திரும்பி வரவில்லை. யார் பிடித்துப் போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் "வருவார்" என்றார்கள். பிள்ளைகள் பொய் சொன்னால் அடி விழும். பெரியவர்கள் சொன்னால் அதற்கு ஆறுதல் என்று பெயர்.

ஒன்பது வருடமாக உம்மா வாப்பாவுக்குக் கத்தம் ஓதவும் விடவில்லை. கத்தம் இறந்தவர்களுக்கு ஓதுவது; ஓதினால் அவர் மௌத்தாகிவிட்டார், இனி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த வருடம்தான், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சரி காக்கா, ஓதுவம்," என்று மாமாவிடம் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்ல உம்மா பட்ட பாட்டை முஸ்பிறா பார்த்தாள்.

நாளை வெள்ளிக்கிழமை, கத்தம். ஓத வருகிற லெப்பைக்குப் பக்கத்தில் மகன்தான் இருக்கவேண்டும்.

"நான் இரிக்கமாட்டன்," என்றான் ஜுனைட். "உசிரோட இரிக்கிற ஆளுக்குக் கத்தமா? எல்லாருக்கும் முன்னால சொல்லுவன், வாப்பா தொப்பிக்குள்ள இரிக்காரெண்டு."

முஸ்பிறா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவன் அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் உம்மா மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கிவிடுவார்.

அவள் அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வாப்பா எப்படி இரிக்கார்?"

"போட்டோவில இரிக்கிற மாதிரி. அதே சேட்டப் போட்டிரிக்கார்."

"கதைப்பாரா?"

"ஓம். 'நல்லாப் படி'ங்கிறார்."

அது மாமா தினமும் சொல்வது. முஸ்பிறா அதைச் சொல்லவில்லை.

"படத்தில மாமா சொன்னது ஞாபகம் இரிக்கா? பொய் உலகத்து ஆளுக்கு, தொப்பி போட்டவனுக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் தெரியும். மெய்யான ஆள் எண்டா நமக்குத் தெரியாததையும் சொல்லுவார். ஒண்டு கேட்டுப் பாரு. வாப்பா உம்மாவ என்னெண்டு கூப்பிடுவார்? அது எனக்கும் தெரியா, ஒனக்கும் தெரியா."

"இது லேசு," என்று ஜுனைட் கண்ணை மூடினான்.

வெளியே மீன்காரரின் சைக்கிள் கூவிக்கொண்டு போனது. ஜுனைட்டின் நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது. மறுபடி கேட்கிறான் போலும். முஸ்பிறா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் அவன் தொப்பியைக் கழற்றினான்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்கார் ராத்தா."

அவன் எழுந்து அடுப்படிக்கு ஓடினான். முஸ்பிறாவும் பின்னால் போனாள். உம்மா கத்தச் சோற்றுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, வாப்பா ஒங்கள என்னெண்டு கூப்பிடுவார்?"

சுளகு நின்றது. உம்மா கோபப்படப் போகிறார் என்று முஸ்பிறா பயந்தாள்.

"ஹாஜியார்," என்றார் உம்மா. "எண்ட பேர் ஹாஜறாதானே. மக்காவுக்குப் போகாமலே என்ன ஹாஜியாராக்கிப் போட்டார். 'ஹாஜியாரே, தேத்தண்ணி இரிக்கா?' எண்டுதான் வீட்டுக்குள்ள வருவார்."

சொல்லிவிட்டு உம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜுனைட் அவர் மடியில் கை வைத்தான். "வாப்பா மௌத்தா உம்மா?"

உம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார்.

"ஓம் மகன்," என்றார் உம்மா.

ஜுனைட் கையிலிருந்த தொப்பியை இரண்டாக மடித்தான். பிறகு, "அப்ப நாளைக்கு நான் லெப்பைக்குப் பக்கத்தில இரிக்கன்," என்றான். அதன் பிறகுதான் அழுதான்.

முஸ்பிறா கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பதில் வராது என்றும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தம்பி கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம், வாப்பா எப்படியாவது பதில் சொல்லிவிடவேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.