ஃபர்ஸ்ட் காப்பி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் கௌதமன் கடையைத் திறந்தான்.

அரக்கோணம் சாலையில், மலையைப் பார்த்த ஒற்றை அறை. பணக்காரர்கள் போட்டுக் கழித்த வெளிநாட்டு ஜீன்ஸ் ஜாக்கெட்டுகளை வாங்கி, படமெடுத்துப் போனிலேயே விற்றுவந்தான். அசல் மாதிரியே தைத்த போலிக்கு அந்த வியாபாரத்தில் ஃபர்ஸ்ட் காப்பி என்று பெயர். அதை அவன் விற்பதில்லை. ஊரில் அவனுக்கிருந்த ஒரே பெருமை அது.

அக்கா புருஷன் பூபாலன் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டியவன். கடைக்கு வந்தால் ஏதாவது ஒரு ஜாக்கெட்டின் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துத் தேய்ப்பான்.

"இன்னா மச்சான், இது ஒரிஜினல்தானா?"

"உன் தறித் துணிய விட ஒரிஜினல், பாவா."

பூபாலனிடமும் ஒரு ஜாக்கெட் இருந்தது. பெங்களூரில் வாங்கிய இத்தாலிக் கம்பெனிச் சரக்கு. கௌதமன் எத்தனையோ முறை கேட்டும் விற்கவில்லை. பைக் விபத்தில் அவன் போன அன்று அக்கா தேவிப்பிரியா அதைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"இதும்மேலதான் உசுரு அவருக்கு. போட்டே அனுப்புடா."

கௌதமன் போட்டது வேறு. எவனோ முன்பு அவனை ஏமாற்றித் தலையில் கட்டிய, பார்க்க அதே மாதிரி இருந்த ஒரு ஃபர்ஸ்ட் காப்பி. பொத்தான் மாட்டும்போது பிணத்தின் இரண்டு விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிரித்துவிட்டான். புதைத்தார்கள். குழிமேல் பால் தெளித்தார்கள். காரியம் முடிவதற்குள் அசல் நல்ல விலைக்கு விற்று, கோயமுத்தூருக்குப் போய்விட்டது.

போன் அடித்தது. அக்கா.

"டேய், உங்க பாவா ராத்திரியும் கனாவுல வந்தாருடா. குளுருது குளுருதுன்னு சொல்லிகினே இருக்காரு. ஜாக்கெட் போட்டுதானே அனுப்புன?"

"ஆங், அக்கா."

நாக்கு கூசியது. போனை வைத்துவிட்டான்.

கதவோரம் ஒரு பார்சல் கிடந்தது. கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்தது. வாங்கியவன் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான்: டூப்ளிகேட்டைக் குடுத்து ஏமாத்திட்டீங்களே ப்ரோ.

அசலைத் தன் கையாலேயே மடித்து வைத்தவன் கௌதமன். கோபமாகப் பிரித்தான்.

புளித்த பால் வாசனை.

துணி ஈரமாக இருந்தது. மடிப்பெல்லாம் மண். அவன் பிணத்துக்குப் போட்ட அதே ஜாக்கெட். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நூல் தேய்ந்து பிரிந்திருந்தது.

கரண்ட் போயிற்று.

கடைக்கோடியில் ஒரு சத்தம். துணியை விரலிடுக்கில் தேய்க்கிற சத்தம்.

சரக். சரக்.

நின்றது. அடுத்த ஜாக்கெட்டில் கேட்டது. பிறகு அதற்கடுத்ததில். அவசரமில்லாமல், வரிசையாக, அவனை நோக்கி.

கதவு திறந்துதான் இருந்தது. அவன் ஓடவில்லை. பயத்துக்கு முன்பே வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் சட்டையின் ஓரத்தை இரண்டு ஈர விரல்கள் பிடித்தன. மெல்லத் தேய்த்தன.

"இன்னா மச்சான்... இது ஒரிஜினல்தானா?"