சுவருக்கு அடித்த மருந்து

கனவுமானியின் கீழே ரோஸ்லின் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. திரையில் அவள் கனவு மெல்ல ஓடியது. வீட்டுக்குள் கடல் வந்திருந்தது. மேற்குச் சுவர் மீனின் வயிற்றைப் போல உப்பி உப்பி மூச்சு வாங்கியது. அதற்குள்ளிருந்து அம்மா, கூந்தலில் பனி படிய, நடந்து வந்துகொண்டே இருந்தாள், வந்து சேரவில்லை.

உப்பளக்கரை நலநிலையத்தில் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் ரத்தச் சோதனை கிடையாது. மத்தியானம் அரைமணி நேரம் தூங்க வைத்தால் போதும். நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரியவர்கள் மழுப்புவார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. கனவுமானி அதைப் படித்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டில் உள்ளதை நகராட்சியோ முதலாளியோ செய்தே தீர வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் கூடவே ஒரு பச்சைப் பொத்தானையும் வைத்துவிட்டார்கள். அதன் பெயர் 'பதில் மருந்து'. அதை அழுத்தி மருத்துவர் ஏதாவது ஒரு மருந்தை எழுதினால் சீட்டு அத்தோடு முடிந்துவிடும்.

டாக்டர் குமுதவல்லி அந்தப் பொத்தானைப் பார்க்காமலே அழுத்தப் பழகியிருந்தாள்.

"போன வாரம் நீங்க குடுத்த மூச்சிழுக்குற பம்ப் நாலு நாள்ல தீந்துட்டு டாக்டரம்மா," என்றாள் ரோஸ்லினின் அம்மா பிலோமினா. இறால் கம்பெனியின் குளிரறையில் இரவு வேலை பார்ப்பவள்.

"ஒரு மாசத்துக்கு வருமே."

"சுவத்துல அடிச்சிருக்கா. ஓதம் ஏறின இடம் பூரா. கேட்டா, சீட்டுல சுவருன்னுதான போட்டிருக்கு, அதுக்குத்தான சீக்குங்கா."

குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. தூங்கும் குழந்தையின் நெஞ்சு இழுப்பது காதில் விழுந்ததும் அது நின்றுபோனது. கனவுமானி புதுச் சீட்டைத் தள்ளியது: 'காய்ந்த சுவர். அம்மாவுக்குப் பகல் வேலை.' அனுப்பினால் விசாரணை, கூட்டம், அலைச்சல். வெளியே இன்னும் நாற்பது பிள்ளைகள். பச்சைப் பொத்தானை அழுத்தி இன்னொரு பம்ப் எழுதினாள்.

"இனிமே சுவர்ல அடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன். அப்பம் சுவருக்கு யாரு மருந்து குடுப்பான்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்லட்டும்?"

நல்லவேளையாகக் குமுதவல்லியின் கைப்பேசி அதிர்ந்தது. மகள் நிரஞ்சனாவின் பள்ளியிலிருந்து செய்தி. பத்து நாளாக வயிற்றுவலி என்று அழும் அவளை இன்று அங்கே தூங்க வைத்திருந்தார்கள். சீட்டும் வந்திருந்தது: 'அம்மா மாலை ஆறு மணிக்கு வீட்டில்.' அதன் கீழே பள்ளி மருத்துவர் எழுதிய பதில் மருந்து: சிரப், ஐந்து மில்லி.

வெறும் சிரப்தானே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்ததை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. பள்ளி மருத்துவரை அழைத்தாள்.

"பதில் மருந்தை எடுத்துடுங்க சார். சீட்டு அப்படியே போகட்டும்."

"எடுத்துடலாம் மேடம். அப்புறம் நாளையிலேருந்து தினமும் உங்களை ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு அனுப்பியே ஆகணும். மிச்சமிருக்கிற பிள்ளைங்களை அங்க யார் பாக்குறது?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து இப்போதே தூங்கத் தொடங்கியிருந்தார்கள்.

"சிரப் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சார்?" என்று குமுதவல்லி கேட்டாள்.