மூச்சை உறிஞ்சு!

"கத்தினா... முதல் குத்து குழந்தைக்கு!"

டாக்டர் ஷைனியின் முதுகில் கத்திமுனை உறுத்தியது.

கோட்டயம். பட்டப்பகல். குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தனி அறை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. சாவி குரியாச்சனின் சட்டைப்பையில்!

தினமும் ஜெபமாலையோடு வந்து, அண்ணன் குழந்தைக்காகக் கண்ணீர் விட்ட சித்தப்பா...

"அச்சாயா... ஏன் இப்படி?"

"எங்கப்பா... அப்பச்சன், ரப்பர் தோட்டத்தைப் பேரனுக்கு எழுதிட்டாரு. இவன் போனா எனக்கு! சளி எடுப்பியே... அந்தக் குழாயைப் போடு. நிறுத்தாம உறிஞ்சு! எவனும் சந்தேகப்பட மாட்டான்."

ஷைனி வென்டிலேட்டரைக் கழற்றினாள். சளிக்குழாயை உள்ளே விட்டாள்.

உர்ர்ர்...

குழாயின் மேல்துளையைக் கட்டைவிரலால் மூடினால்தான் உறிஞ்சும். அவள் மூடவில்லை. வெறும் சத்தம்!

ஆனால்... மெஷினை விட்டுப் பிரிந்ததே போதும். அந்தப் பிஞ்சு நுரையீரல் காற்றிழந்து சுருங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் எண்பது... எழுபது...

அலாரம் அலறியது.

"அதை அமுக்குடி!"

அமுக்கினாள். குனிந்த சாக்கில், குழந்தையின் நெஞ்சில் ஒட்டியிருந்த இதயத்துடிப்பு ஒயர்களைப் பிய்த்தாள்.

திரையில் நேர்க்கோடு!

"போயிட்டான்..." குரல் நடுங்கியது. நடிப்பில்லை. "மெஷினை மாட்டிடறேன். கழண்டு கிடந்தா மாட்டிப்பீங்க."

"சீக்கிரம்!"

மாட்டினாள். காற்றழுத்தத்தைக் கூட்டினாள்.

விரிடா, கண்ணா... விரி!

"ஏய்... நெஞ்சு அசையுதே?"

"மெஷின் அசைக்குது. பிணத்துக்கும் அசையும்."

அவன் சிரித்தான். சாவியை எடுத்தான். போகிற போக்கில் கடைசியாகத் திரும்பிப் பார்த்தான்.

குழந்தையின் கால் வெடுக்கென்று ஒரு உதை விட்டது!

"ஏமாத்திட்டியேடி!"

கத்தி உயர்ந்தது. ஷைனி குழந்தையின் கண்ணாடிப் பெட்டி மேல் கவிழ்ந்தாள்.

டமால்!

கதவு பெயர்ந்து விழுந்தது. முதலில் காவலாளிகள், பின்னால் நர்ஸுகள்! கத்தி தரையில் உருண்டது.

"எ... எப்படிடா வந்தீங்க?" தரையோடு அழுத்தப்பட்ட குரியாச்சன் முனகினான். "அலாரத்தைத்தான் அமுக்கினாளே!"

"இந்த ரூம்லதான் அமுக்கினேன், அச்சாயா. நர்ஸுங்க மேஜைத் திரையில அந்த நேர்க்கோடு இன்னும் ஊளையிட்டுட்டு இருக்கு."

ஆக்சிஜன் தொண்ணூறைத் தாண்டியது. அப்போதுதான் ஷைனிக்கு அழுகை வந்தது.

குரியாச்சனுக்கு விலங்கு மாட்டிய எஸ்.ஐ. ஜோபி, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரே, பையன் எவ்வளவு எடை?"

"எழுநூறு கிராம் சாரே."

"அடேங்கப்பா! எழுநூறு கிராம் ஆளு, தொண்ணூறு கிலோ ஆளை உள்ளே தள்ளிட்டானே... அதுவும் ஒத்தை உதையில!"