ஈயம் பெயர்த்த கலசம்

காலையில் கலசம் இரண்டு கிலோ முந்நூற்றுப் பத்து கிராம் இருந்தது. ரொஸால்பா தன் கையாலேயே அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, வாங்க வருகிறவர்களுக்கான விவரத்தாளில் எழுதியும் விட்டாள். மதியம் சாப்பிட்டு எழுந்து, தாளை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று மறுபடி தூக்கி வைத்தபோது, தராசு இரண்டு கிலோ ஐந்நூறைக் காட்டியது.

தராசில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். உப்பு சரியாக ஒரு கிலோ இருந்தது.

சாந்தா மரியாவில் ஆகஸ்ட் மாத மதியம் என்றால் ஊரே சட்டம் வைத்த ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். தெருவில் நாய்கூட நடக்காது. அந்த வேளையில் வெளியே நடமாடுகிறவர்கள் மனிதர்கள் இல்லை என்று சொல்லித்தான் அங்கே பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். சட்டங்களின் இடுக்குகள் வழியே கோடு கோடாக விழுந்த வெயில் மேசையில் நின்ற கலசத்தை வரிவரியாகப் பிளந்து காட்டியது. வெளியே சில்வண்டுகள் ஓயாமல் அரற்றின. பொரித்த மிளகாயின் எண்ணெய் வாசமும் அவள் சுத்தம் செய்யப் பயன்படுத்திய சாராயத்தின் நெடியும் கலந்து கிடந்த அந்த அறையில், இப்போது மூன்றாவதாக ஒரு வாடை புகுந்திருந்தது. மயிர் பொசுங்கிய வாடை.

மூடியைத் தூக்கினாள். அடியில் சாம்பல், இரண்டு விரற்கடை உயரத்துக்கு. தொட்டாள். மாவைப் போல மெல்லியதாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

ஒன்றரைச் சாண் உயரக் கலசம் அது. உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. இரண்டு கைப்பிடிகளின் அடியிலும் வாய் பிளந்த ஒரு சின்ன முகம். மூன்று நாள் முன்பு அவள் அண்ணன் அனியெல்லோ அதைக் குளியல் துண்டில் சுற்றிக் கார் டிக்கியில் கொண்டுவந்தான். எந்தத் தோட்டத்துக்கு அடியில் கிடைத்தது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூடியைச் சுற்றி ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தது. நேற்று மாலை அவன் திருப்புளியால் அந்த ஈயத்தைப் பெயர்த்து, உள்ளே இருந்த சாம்பலையும் எலும்புத் துணுக்குகளையும் முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி விட்டான்.

"ஒரு டப்பாவுலயாவது எடுத்து வையேன். யாரோ ஒரு மனுஷன்" என்றாள் ரொஸால்பா.

"ரெண்டாயிரம் வருஷமா ஓசியில குடியிருந்திருக்கான். காலி பண்ணட்டும்" என்று சிரித்தான்.

அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். பதினோரு வருஷம் முன்பு, அவள் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது, அவன் தோண்டி எடுத்த இரண்டு வெண்கலக் கொக்கிகள் அவள் கைப்பையில் அகப்பட்டன. வைத்தவன் அவன். வேலை போனது அவளுக்கு. அன்றும் சிரித்துக்கொண்டேதான், "விடுடி, வீட்லயே செய். நான் கொண்டு வரேன்" என்றான். அன்றிலிருந்து இந்தச் சமையலறைதான் அவள் பட்டறை.

"அனியெல்லோ!" என்று கத்தினாள். "சுருட்டுச் சாம்பலை இதுக்குள்ளயா தட்டுன?"

பக்கத்து அறையிலிருந்து அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்து நடந்தான்.

"எனக்கென்ன பைத்தியமா? உனக்குக் கழுவத் துப்பில்ல, பழி எனக்கு. அஞ்சு மணிக்கு இதை வாங்க ஹூபர் டாக்டர் எல்லை தாண்டி பாஸல்லேருந்து வந்து நிப்பாரு. குடு இங்க."

அவள் கையிலிருந்து கலசத்தைப் பிடுங்கி, ஜன்னல் கதவைத் தள்ளி, வெளியே கவிழ்த்து உதறினான். காற்றே இல்லை. சாம்பல் நேராக விழுந்தது.

"காலுக்கு என்ன?"

"மரத்துப் போச்சு. வெயிலு. கொஞ்சம் படுத்தா சரியாயிரும்." கதவருகே தடுமாறி நிலையைப் பற்றிக்கொண்டான். "நீ வாயைத் தொறக்காம இரு. டாக்டர்ட்ட நான் பேசிக்கறேன். பாட்டனார் காலத்துச் சொத்துன்னு காகிதம் போட்டாச்சு. உன் மூஞ்சிய மட்டும் சரியா வெச்சுக்க."

போய்ப் படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

ரொஸால்பா கலசத்தை உள்ளும் புறமும் துணியால் துடைத்து, வெறும் வெண்கலம் தெரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். எழுந்து போக ஏனோ மனம் வரவில்லை. குறட்டை ஏறி இறங்கியது. ஐம்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய குறட்டை. முடிவில் ஒரு சின்ன விசில், ஒரு விக்கல், மறுபடி முதலிலிருந்து. சில்வண்டுகள் திடீரென்று ஓய்ந்தன. அப்போதுதான் அது உறைத்தது.

குறட்டை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

மூடியை எடுத்தாள்.

கலசம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. சாம்பலின் நடுவே ஒரு குழி விழுந்தது. மேடாக எழும்பியது. மறுபடி குழி. ஒவ்வொரு மூச்சுக்கும்.

விசில். விக்கல்.

அவள் பக்கத்து அறைக்கு ஓடினாள். கட்டிலில் கால்சட்டை தட்டையாகக் கிடந்தது. சட்டையும் தட்டை. பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. தலையணையில் முகம் மட்டும் இருந்தது. கண் விழித்திருந்தான். அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது.

குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"என்னடி அப்படிப் பாக்குற? தண்ணி குடு."

அவள் அந்தத் தட்டைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொஸால்பா. என் காலு எங்கடி? கால் தெரியலயே."

முகவாய் வெளுத்தது. உதிர்ந்தது. பிறகு உதடு. பிறகு கண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. தலையணையில் ஒரு பள்ளம் மிஞ்சியது. அதில் ஒரு துகள் சாம்பல் இல்லை.

வாசல் மணி அடித்தது.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். கலசம் விளிம்புவரை நிறைந்திருந்தது. இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"மூடிடு. ஈயம் ஊத்து. ரொஸால்பா, என் தங்கமே, கொட்ட மட்டும் விட்ராதே."

ஐம்பது வருஷத்தில் அவன் அவளைத் தங்கமே என்று கூப்பிட்டதில்லை. அவள் மூடியை வைத்து அழுத்தினாள். குரல் நின்றது.

கதவைத் திறந்தாள்.

டாக்டர் ஹூபர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். சிவந்த கன்னம், சோப்பு மணம். இருபது வருஷமாக அனியெல்லோவிடம் வாங்குகிறவர். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வேலையைப் பறித்த அந்தக் கொக்கிகளும் அவரிடம்தான் போக இருந்தன.

"அண்ணன் இல்லையா, சின்யோரா?"

"உள்ளதான் இருக்காரு."

மேசையருகே வந்து வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டிக்கொண்டார். கைப்பிடி முகங்களை விரலால் வருடினார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அடடா, சாம்பல். எல்லையில் இதெல்லாம் பெரிய தொல்லை. கொட்டிவிட்டுத் தருகிறீர்களா?"

சாம்பலின் நடுவே குழி விழுந்தது. டாக்டர் அப்போது கழுவுதொட்டி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

"நீங்களே கொட்டுங்க டாக்டர்" என்றாள் ரொஸால்பா.

அவர் இரண்டு கையாலும் கலசத்தைத் தூக்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். சாம்பல் ஒரே தாரையாக இறங்கியது. அந்தத் தாரை நெடுக, மேலிருந்து கீழ்வரை, அவள் பெயர் ஒலித்தது. அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் சுழன்று உள்ளே போனது.

"பழைய குழாய்கள். என்னமாய்ச் சத்தம் போடுகின்றன!"

காலிக் கலசத்தை வெயில் கோட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. இப்படி ஒன்றுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன், சின்யோரா, என்றார். ரொஸால்பா அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையுறையில் இரண்டு விரல்களின் நுனிகள் வெறும் துணியாகத் துவண்டு தொங்கின.

பிறகு மூன்றாவது விரலும் துவண்டது.