ஊதி ஒட்டிய முந்திரி

அடுக்கி வைத்த முந்திரிப் பாக்கெட்டுகளில் ஒன்று மெல்ல உப்பி, மெல்லத் தணிந்தது. கலைமதி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். ஆதனக்கோட்டை ரோட்டோரக் கொட்டகையில் மின்விசிறியை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. தஞ்சாவூர் பஸ் போன இரைச்சலும் அடங்கிவிட்டது. வறுத்த சட்டியின் சூடும், முந்திரித் தோலின் கருகல் வாசமும், ஈரச் சாக்கின் நெடியும் இருட்டோடு இருட்டாக உள்ளே அடைந்து கிடக்க, அந்தக் கவர் மட்டும் தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி ஏறி இறங்கியது.

காற்றே இருக்கக்கூடாது என்றுதானே அந்த மெஷினை வாங்கினார்கள். கவருக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிண்டரில் இருந்து நைட்ரஜனை நிரப்பி, வாயை ஒட்டிவிடும். மாதக்கணக்கில் முந்திரி சிக்கு வாடை அடிக்காது. கொழுந்தன் பெண்டாட்டி தேவிப்ரியா வாங்கிப் போட்டது. அவ்வளவுதான், ஊரே அவள் பின்னால் போய்விட்டது. புகையில் கண் எரிய வறுப்பவள் கலைமதி. கவரில் படமாகச் சிரிப்பவள் தேவிப்ரியா. மாமியார்கூட வருகிறவர்களிடமெல்லாம் “எங்க சின்ன மருமக முந்திரி” என்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதனால்தான் இன்று மத்தியானம், தேவிப்ரியா புதுக்கோட்டைக்குப் போன நேரம் பார்த்து, கேஸ் சிலிண்டரை மூடினாள். உறிஞ்சுகிற சுவிட்சையும் போடவில்லை. மெஷின் வருவதற்கு முன்பெல்லாம் காகிதக் கவரை வாயால் ஊதிப் பிரித்துத்தான் முந்திரி போடுவார்கள். அதே பழக்கத்தில் ஒவ்வொரு கவரிலும் வாய் வைத்து, மனசில் புழுங்கியதையெல்லாம் சேர்த்து ஊதி, அந்த மூச்சு வெளியேறும் முன் ஒட்டினாள். கெட்டுப் போகட்டும். அவள் பேர் நாறட்டும்.

இப்போது பக்கத்துப் பாக்கெட்டும் உப்பியது. அப்புறம் அந்த வரிசை முழுவதும். கவர்கள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. கலைமதி மூச்சை அடக்கினாள். எல்லாம் நின்றன. விட்டாள். எல்லாம் அசைந்தன.

ஒன்றை எடுத்துப் பல்லால் கிழித்தாள். உஸ்ஸென்று வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது. அவள் மென்ற வெற்றிலை வாசம். அதே நொடியில் நெஞ்சுக்குள் ஒரு பிடி மூச்சு குறைந்தது. இழுத்துப் பார்த்தாள். திரும்ப வரவில்லை.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. தேவிப்ரியா வந்து விளக்கைப் போட்டாள்.

“என்னக்கா, இருட்டுல ஒக்காந்திருக்கீங்க?” ஒரு பாக்கெட்டை எடுத்து அமுக்கினாள். “கேஸே ஏறலியே. காலைல லோடு போகணும்.” கத்தரியைத் தேடி எடுத்தாள். “நீங்க அங்கிட்டு இருங்க. எல்லாத்தையும் வெட்டி மறுபடி போட்டுர்றேன். ஒங்க கைப்பக்குவத்துக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல.”

வேண்டாம் தேவி. கலைமதியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

உஸ். நெஞ்சு இறுகியது.

உஸ். கை மரத்தது.

உஸ். உஸ். சாக்கில் சாய்ந்தாள். தேவிப்ரியா குனிந்த தலை நிமிராமல், புதுக்கோட்டையில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

கடைசிப் பாக்கெட் அவள் உள்ளங்கையில் வேகவேகமாக ஏறி இறங்கியது.

“இங்க பாருங்கக்கா, இது மட்டும் துடிக்குது,” என்று சிரித்தபடி, கவரின் ஓரத்தில் கத்தரியை வைத்தாள்.