மீசைக்காரருக்குக் கண் தெரியும்

"கண்ணு தெரியாத கரப்பானை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பக்கத்து ரூம் தவளைக்குப் போட்டுடுங்க," என்றார் மேடம்.

"போட மாட்டோம்!" என்றாள் பட்டாசு.

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. அங்கே மேடம்தான் தலைவி. அவரிடம் யாரும் 'மாட்டோம்' என்று சொன்னதே இல்லை. பட்டாசின் அப்பா அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறார். அவருக்கு 'சரி மேடம்' மட்டும்தான் வரும்.

பள்ளி விட்டதும் பட்டாசு அங்கே வந்துவிடுவாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய சிநேகிதர் காத்திருப்பார். நீளமான இரண்டு உணர்கொம்புகளையும் ஆட்டி வரவேற்பார். அதனால் அவருக்கு மீசைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

"கரப்பானோட கண்ணுக்குள்ள குட்டிக்குட்டி வாசல் நிறைய இருக்கும்மா," என்று அப்பா ஒருநாள் சொல்லியிருந்தார். "வெளிச்சம் பட்டா அது திறக்கும். மின்சாரம் சுமக்கிற துகள் உள்ள ஓடும். மூளைக்குத் தகவல் போயிடும். அந்த வாசல்ல ரெண்டு வகை. மங்கல் வெளிச்சத்துல பார்க்க எது ரொம்ப உதவுது? அதைத்தான் தேடுறோம்."

அதற்காகச் சில கரப்பான்களுக்கு ஒரு வகை வாசலை மட்டும் மருந்தால் குறைத்திருந்தார்கள். மீசைக்காரருக்கு எதையும் குறைக்கவில்லை. அவர் நன்றாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களை அவரோடு ஒப்பிட முடியும்.

அன்று இருட்டறையில், காற்றில் மிதக்கும் ஒரு பந்தின்மேல் அவரை நடக்க விட்டிருந்தார்கள். சுற்றிலும் மங்கலான கோடுகள் நகரும். கோடுகள் தெரிந்தால் அவை போகும் பக்கமே அவரும் திரும்புவார். ஆனால் மீசைக்காரரோ, கோடு எந்தப் பக்கம் போனாலும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார். அதனால்தான் அவருக்குக் கண் தெரியவில்லை என்று மேடம் முடிவு கட்டிவிட்டார்.

பட்டாசு இருட்டறைக்குள் ஓடினாள். மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வெளிய வாம்மா, மானத்தை வாங்காத!" அப்பா கெஞ்சினார்.

"வர மாட்டேன்! தவளைக்குப் போட மாட்டோம்னு சொல்லுங்க, வரேன்."

"இருக்கட்டும், பசிச்சா தானா வருவா," என்று மேடம் கதவைச் சாத்தினார்.

முதலில் தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. 'வர மாட்டேன், வர மாட்டேன்' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல இருட்டு இளகியது. கனவில் வரும் வேலியைப் போலக் கோடுகள் தெரிந்தன.

கூடவே, பந்துக்கு வலப்பக்கம் தாழ்வாக ஒரு பச்சைப் புள்ளி.

ஊர்ந்து போய்ப் பார்த்தாள். பந்தை மிதக்க வைக்கும் புதிய காற்று பம்பின் விளக்கு அது! மேலே ஒட்டியிருந்த கறுப்பு டேப் பாதி உரிந்திருந்தது. ஒளி நேராக மீசைக்காரர்மேல் விழுந்தது.

"அவருக்கு நல்லாவே கண்ணு தெரியுது!" என்று கத்தினாள். "இந்த வெளிச்சம் பிடிக்காம இடப்பக்கமே ஓடுறாரு! வந்து பாருங்க!"

மேடமும் அப்பாவும் உள்ளே வந்தார்கள்.

"எங்க? ஒண்ணையும் காணோமே," என்றார் மேடம்.

"வந்த உடனே எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டு இப்படிக் கீழ உட்காருங்க."

"தரையிலயா?"

"தரையிலதான்!"

மேடம் உட்கார்ந்தார். அப்பாவும் உட்கார்ந்தார். கண் பழகும்வரை இருட்டையே உற்றுப் பார்த்தார்கள்.

"அட!" என்றார் மேடம் கடைசியில். "நாம வருவோம், பட்டனைத் தட்டுவோம், போயிடுவோம். ஒருநாளாவது இங்க உட்கார்ந்தோமா?"

"அந்த டேப்பை நான்தான் ஒட்டினேன்," என்றார் அப்பா, சின்னக் குரலில்.

பட்டாசு கட்டைவிரலால் விளக்கை அழுத்தி மூடினாள். "இப்போ கோடுகளை ஓட்டுங்கப்பா!"

கோடுகள் வலப்பக்கம் நகர்ந்தன. மீசைக்காரர் சற்றுத் தயங்கினார். பிறகு வலப்பக்கம் திரும்பினார். கோடுகள் இடப்பக்கம் போயின. அவரும் இடப்பக்கம் போனார்.

"சரி, தவளைக்கு இல்ல. போதுமா?" என்றார் மேடம்.

"போதாது. மன்னிப்புக் கேளுங்க."

"உங்கிட்டயா?"

"அவர்கிட்ட! கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்கல்ல?"

அப்பா இருமினார். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தின் பக்கம் குனிந்தார்.

"மன்னிச்சுக்குங்க, மீசைக்காரரே."

மீசைக்காரர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கோடுகளோடு வலப்பக்கம் திரும்புவதில் மும்முரமாக இருந்தார்.